ஒரு மேட்சுக்குப் பத்து எபிசோடா? ஸ்போர்ட்ஸ் அனிமே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை முடிவுகளை முடிந்தவரை தவிர்த்திருக்கிறோம். ஆனால் ஓரிரு இடங்களில் ஒரு பாயின்ட் எப்படி விழுந்தது என்று விளக்காமல் பதில் சொல்ல முடியாது. வாலிபால் தொடரான ஹைக்யூவின் மூன்றாம் சீசனை இன்னும் பார்க்காதவர்கள் முதல் பதிலின் இரண்டாம் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

விளையாட்டுப் பக்கமே போகாதவர்கள்கூட இதை விடிய விடியப் பார்க்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது?

நேரலையில் ஒரு வாலிபால் மேட்ச் பார்க்கிறோம் என்று வையுங்கள். பந்து செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவர்) கையை விட்டுக் கிளம்பி எதிர்த் தரையில் விழ ஒரு விநாடி, ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் செட்டர் யாரைப் பார்த்தார், வலையருகே தடுக்கும் நடு பிளாக்கர் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார், பின்வரிசையில் பந்தை வாங்கும் லிபரோ ஏன் இரண்டடி இடப்பக்கம் தள்ளி நின்றார் என்பதையெல்லாம் சொல்லக் கமெண்டேட்டருக்கே நேரம் கிடையாது. அனிமே அந்த ஒன்றரை விநாடியை நிறுத்தி, உள்ளே இருக்கும் கணக்கைப் பிரித்துக் காட்டுகிறது. விளையாட்டுத் தெரியாதவருக்கும் பிடிப்பது இதனால்தான். தெரியாததை அங்கேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த நிமிடமே அதை வைத்து நம்மைப் பதறவும் வைத்துவிடுகிறார்கள்.

ஹைக்யூ மூன்றாம் சீசனில் கராசுனோ பள்ளி அணியின் பிளாக்கர் சுகிஷிமா செய்வது நல்ல உதாரணம். எதிரே இருப்பவர் உஷிஜிமா, மாவட்டத்திலேயே பலமான ஸ்மாஷர், அதிலும் இடக்கையர். இடக்கையர் அடித்த பந்து வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுழன்று வரும், வாங்குபவர் கையில் பட்டு வேறெங்கோ தெறிக்கும். சுகிஷிமா அவரை நேரடியாகத் தடுத்துவிடப் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தை மறைத்து மறுபக்கத்தை வேண்டுமென்றே திறந்துவிடுகிறார், அங்கே லிபரோ நிஷினோயா காத்திருக்கிறார். பந்து ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப எரிச்சல் ஏறுவது ஸ்மாஷருக்கு அல்ல, எதிரணிச் செட்டருக்கு. ஒரு கட்டத்தில் அவர் தூக்கிக்கொடுக்கும் பந்து ஒரு நூல் பிசகுகிறது. சுகிஷிமா அந்த ஒரு பந்துக்காகத்தான் அவ்வளவு நேரமும் உழைத்திருக்கிறார். விழுவது என்னவோ ஒரே ஒரு பாயின்ட். ஆனால் அதைப் பார்த்தபின் நிஜ வாலிபால் மேட்ச் பார்த்தால் கண் தானாகவே பிளாக்கரின் கை மேல் போகும்.

ஒரே மேட்ச் பத்து எபிசோடா? சுத்த இழுவை இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்த மூன்றாம் சீசன் முழுக்க ஒரே ஐந்து செட் ஆட்டம்தான், மொத்தம் 10 எபிசோட். தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம் போனால் எபிசோடுக்கு 20, 21 நிமிடம் மிஞ்சும். ஆக மொத்தம் 200 நிமிடத்துக்குச் சற்று மேல். நிஜத்தில் ஐந்து செட் வரை போகும் ஆட்டமே இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். நினைக்கும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் நேரத்தை எங்கே செலவிடுகிறார்கள் என்பதில்தான். நிஜ ஆட்டத்தில் பந்து காற்றில் இருப்பது கொஞ்ச நேரம். பந்து பொறுக்குவது, சர்வீஸுக்கு நடந்து போவது, டைம் அவுட் என்றே மீதி கழியும். அனிமே இந்த இடைவெளியை வெட்டிவிட்டு, பந்து காற்றில் இருக்கும் நேரத்தை நீட்டுகிறது. இந்த நீட்டலில் புதுத் தகவல் வந்தால் சஸ்பென்ஸ், வராவிட்டால் இழுவை. நல்ல தொடரையும் மோசமான தொடரையும் பிரித்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எங்களுக்குத் தெரியவில்லை: பந்து உறைந்து நிற்கும்போது ஆட்டத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டோமா, அல்லது பெஞ்சில் நான்கு பேர் வாய் பிளந்து பெயர் சொல்லிக் கத்தியதைத்தான் பார்த்தோமா? இரண்டாவது ரகம் தொடர்ந்து மூன்று எபிசோட் வந்தால் தொடரைக் கைவிடுவதில் தவறில்லை.

பழைய தொடர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. வாரம் ஒருமுறை டிவியில் வந்தவை என்பதால் முதல் ஓரிரு நிமிடம் போன வாரக் கதையையே திரும்ப ஓட்டுவார்கள். தொடர்ச்சியாகப் பார்ப்பவர்கள் அதைத் தாராளமாகத் தாண்டலாம்.

விதிகள் தெரியாமல் பார்க்கலாமா?

பார்க்கலாம். பெரும்பாலான தொடர்களில் ஒன்றுமே தெரியாத ஒரு பாத்திரம் நமக்காகவே இருக்கும். ஆனாலும் இரண்டு மூன்று சொற்களை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் ரசனை கூடும். ஹைக்யூவுக்கு அவசியமானது டெம்போ. செட்டர் பந்தை உயரமாகத் தூக்கிவிட்டபின் ஸ்மாஷர் அதைப் பார்த்து ஓடி வருவது மூன்றாம் டெம்போ. பந்து கிளம்பும் சமயத்தில் ஓட்டம் தொடங்குவது இரண்டாம் டெம்போ. பந்து செட்டரிடம் வரும் முன்பே ஓட்டம் தொடங்கி, பந்து வந்ததும் அடிப்பது முதல் டெம்போ. கராசுனோவின் ஸ்மாஷர் ஹினாதாவும் செட்டர் காகெயாமாவும் செய்வது அதற்கும் முந்தியது: ஹினாதா ஏற்கெனவே குதித்து, கண்ணை மூடிக் கையைச் சுழற்றிக்கொண்டிருப்பார். கை வரும் இடத்தில் பந்தைக் கொண்டுபோய் வைப்பது காகெயாமாவின் வேலை. வெறும் வித்தையாகத் தோன்றும் இதற்குள் ஒரு பலவீனம் இருக்கிறது. அடிப்பவர் பந்தையே பார்க்காததால், தடுப்பு எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டாம் சீசனின் சண்டை முழுக்க இந்த ஓட்டையைப் பற்றியதுதான்.

ஏன் எப்போதும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்? தோற்றால் ஏன் உலகமே முடிந்த மாதிரி அழுகிறார்கள்?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மூன்று வருடம். மாலையில் பள்ளிக் கிளப்பில் பயிற்சி. பெரிய போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடக்கும், அதாவது ஒரு தோல்வி, மூட்டை கட்டு. மூன்றாம் வருட மாணவர்கள் தோற்றதும் கிளப்பை விட்டு விலகிப் படிப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதே அணி, அதே ஆட்கள் மறுபடி சேர்ந்து ஆடுவது கிடையாது. ஐபிஎல் மாதிரி அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கதாசிரியர் கஷ்டப்பட்டு நெருக்கடி உண்டாக்கத் தேவையே இல்லை, போட்டி அட்டவணையே அதைச் செய்துவிடுகிறது.

பேஸ்பாலில் இது உச்சத்துக்குப் போகும். ஹியோகோ மாவட்டம் நிஷினோமியாவில் 1924-இல் திறக்கப்பட்ட கோஷியென் மைதானத்தில் ஆகஸ்ட் மாதம் தேசியப் போட்டி நடக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு பள்ளி, தோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மட்டும் இரண்டிரண்டு, ஆக 49 பள்ளிகள். கீழ்ச் சுற்றுகளில் மோதுவதோ மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். தோற்ற அணிப் பையன்கள் மண்டியிட்டு மைதானத்து மண்ணைக் கையால் கூட்டிப் பையில் அள்ளிக்கொண்டு போவதை அனிமேயில் பார்த்துவிட்டு இது கற்பனை என்று நினைக்க வேண்டாம். நிஜத்திலும் வருடாவருடம் நடக்கிறது, டிவியிலும் காட்டுகிறார்கள்.

இந்த அட்டவணை கதையையே எப்படி மாற்றும் என்பதற்கு ஒரு சான்று. வாலிபாலில் 'வசந்த கால' தேசியப் போட்டி முன்பு மார்ச்சில் நடந்தது. மூன்றாம் வருடத்தார் அதற்குள் பள்ளியை முடித்திருப்பார்கள், ஆட முடியாது. 2011 முதல் அது ஜனவரிக்கு மாறியது, அவர்களும் ஆடலாம் என்றானது. 2012-இல் தொடங்கிய ஹைக்யூவில் கேப்டன் தாய்ச்சியும் கூட்டாளிகளும் கோடைப் போட்டியில் தோற்றபின் விலகாமல் தங்கிவிடுகிறார்களே, அந்த முடிவுக்கு இடம் கொடுத்ததே இந்தத் தேதி மாற்றம்தான்.

இந்த வகை எப்போது தொடங்கியது?

1960-களின் கடைசியில். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் வாலிபால் அணி சோவியத் அணியை நேர் செட்களில் வீழ்த்தித் தங்கம் வாங்கியது. பயிற்சியாளர் தாய்மட்சு ஹிரொபூமியின் ஈவிரக்கமற்ற பயிற்சி அப்போது நாடெங்கும் பேச்சு. உடம்பு நொறுங்க உழைத்தால் ஜெயிக்கலாம் என்ற அந்த மனநிலை அப்படியே கார்ட்டூனுக்கு வந்தது. 1968-இல் பேஸ்பால் தொடரான கியோஜின் நோ ஹோஷி (182 எபிசோட்), 1969-இல் பெண்கள் வாலிபால் தொடரான அட்டாக் நம்பர் ஒன் (104 எபிசோட்), 1970-இல் குத்துச்சண்டைத் தொடரான அஷிதா நோ ஜோ (79 எபிசோட்). மூன்றிலும் கண்ணீரும் வியர்வையும் ஆறாக ஓடும்.

ஜோ தொடருக்கு மூலமான மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) ஒரு வேடிக்கையான தொழில் விஷயம். ஜோவின் எதிரி ரிக்கிஷியை ஓவியர் சிபா தெத்சுயா முதலிலேயே பெரிய ஆளாக வரைந்துவிட்டார். பிற்பாடு இருவரும் ஒரே எடைப் பிரிவில் மோத வேண்டும் என்றபோது உயரம் உதைத்தது. அதைச் சமாளிக்க வந்ததுதான் ரிக்கிஷி தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை குறைக்கும் பகுதி. வரைந்த கை செய்த பிசகிலிருந்து இந்த வகையின் மிகப் பிரபலமான காட்சிகள் பிறந்தன. அந்தப் பாத்திரம் இறந்தபோது 1970 மார்ச்சில் வெளியீட்டாளரான கோதான்ஷாவின் கட்டடத்தில் நிஜமாகவே இறுதிச் சடங்கு நடத்தினார்கள், வாசகர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கியோஜின் நோ ஹோஷியைக் கிரிக்கெட்டுக்கு மாற்றி 'சூரஜ்' என்ற பெயரில் 2012-இல் கலர்ஸ் சேனலில் ஒளிபரப்பினார்கள். அப்பா மகனைப் பிழிந்து பயிற்சி கொடுக்கும் கதை. நம்மூருக்குப் புதிதில்லை.

முக்கியமான கட்டத்தில் படம் அசையாமல் நிற்கிறது. காசு மிச்சம் பிடிக்கவா?

ஓரளவுக்கு ஆமாம், ஆனால் அது மட்டுமல்ல. திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். டிவி அனிமேயில் ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு வைத்தால் விநாடிக்கு 8 ஓவியம் போதும். பாய்ந்து ஸ்மாஷ் அடிக்கும் இடத்தில் மட்டும் ஓவியத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். அதற்கான ஆள்பலத்தை வேறு எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும், பேசும் காட்சிகளில் வாய் மட்டும் அசைவது அதனால்தான். அஷிதா நோ ஜோவை இயக்கிய தெசாகி ஒசாமு இந்தக் குறையையே பாணியாக மாற்றினார். உணர்ச்சி உச்சிக்குப் போகும் நொடியில் அசைவை நிறுத்தி, அந்த ஃபிரேமை மட்டும் நுணுக்கமான வண்ண ஓவியமாக வரைய வைத்தார். இன்றைக்கும் கடைசி குத்து, கடைசி பந்து என்றால் அதே உத்திதான்.

உண்மையிலேயே காசும் நேரமும் பற்றாமல் போகும்போது வேறு மாதிரித் தெரியும்: ஓடுகிற ஆளின் கால் திரைக்குக் கீழே வெட்டுப்பட்டிருக்கும், பின்னணிக் கோடுகள் மட்டும் ஓடும், பந்து உதைபடும் கணத்தைக் காட்டாமல் கோல் வலை குலுங்குவதை மட்டும் காட்டுவார்கள். 2024-இல் வந்த ப்ளூ லாக் இரண்டாம் சீசன் இந்த விஷயத்தில் ரசிகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. நியாயமான திட்டுதான். 22 பேர் ஓடும் ஃபுட்பால் வரைவதற்குக் கொடுமையானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டே பேர் ஆடும் குத்துச்சண்டை, டேபிள் டென்னிஸ் தொடர்களில் அசைவு நன்றாக இருப்பதற்குத் தலை எண்ணிக்கையும் ஒரு காரணம். 2014-இல் யுவாசா மாசாக்கி இயக்கிய பிங் பாங் வெறும் 11 எபிசோட். திரையை மங்கா பக்கம் போலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மட்டை, கண், பந்து என்று ஒரே நேரத்தில் காட்டுவார்கள். கோணல்மாணலான ஓவியத்தைப் பார்த்து முதல் எபிசோடிலேயே ஓடிவிடாதீர்கள்.

இந்த 'ஸ்பெஷல்' அடிகள் நிஜத்தில் சாத்தியமா?

தொடரைப் பொறுத்தது. குத்துச்சண்டைத் தொடரான ஹாஜிமே நோ இப்போவில் வரும் டெம்ப்ஸி ரோல், 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்ஸியின் பாணியிலிருந்து வந்தது. உடம்பைப் படுத்த எட்டுப் போல ஆட்டி, ஒவ்வொரு ஆட்டத்தின் வேகத்தையும் குத்தில் சேர்ப்பது. கதையிலேயே அதன் குறையையும் சொல்வார்கள்: ஆட்டம் ஒரே தாளத்தில் வருவதால் எதிராளி அடுத்த தலை எங்கே வரும் என்று கணித்துக் குறுக்கே குத்தலாம். அதில் வரும் ஈரல் குத்தும் உண்மை. வலது விலாவுக்குக் கீழே சரியாக விழுந்தால் ஆள் நிதானத்தோடு இருந்தாலும் கால் மடங்கிவிடும்.

குரோகோ நோ பாஸ்கெட் வேறு ரகம். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக் கூடைக்குத் தவறாமல் போடும் மிதோரிமாவை நம்பப் பாஸ்கெட்பாலை மறக்க வேண்டும். சூப்பர் ஹீரோ கதையாக எடுத்துக்கொண்டால் சுவாரசியம் குறையாது. கேப்டன் சுபாசாவின் மைதானமோ ஓட ஓட முடியாது, எதிர்க் கோல் அடிவானத்துக்குக் கீழிருந்து எழுந்து வரும். ஆனாலும் ஜப்பானில் தொழில்முறை ஃபுட்பால் லீக் தொடங்கியதே 1993-இல். 1981-இல் தொடங்கிய அந்த மங்காவைப் படித்துப் பந்து உதைக்கப் போனவர்கள் ஏராளம். ஸ்பெயினின் பெர்னாண்டோ தோரெஸும் இனியெஸ்தாவும் சின்ன வயதில் அதைப் பார்த்தவர்கள்.

கபடி பற்றி அனிமே இருக்கிறதாமே?

இருக்கிறது. ஷாகுநெட்சு கபடி, 2021 ஏப்ரலில் வந்தது, 12 எபிசோட். முசாஷினோ ஹாஜிமேயின் மங்காவிலிருந்து எடுத்தது. ஃபுட்பாலில் பெயர் வாங்கி, பிறகு விளையாட்டே வேண்டாம் என்று ஒதுங்கிய யோய்கோஷி என்ற மாணவன், கபடி என்ற பெயரைக் கேட்டுச் சிரிப்பதில் கதை ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் மாநில விளையாட்டாக இருப்பது அங்கே யாருக்கும் தெரியாத ஒன்று. அந்தச் சிரிப்பு எப்படி அடங்குகிறது என்பதுதான் முதல் சில எபிசோட்கள்.

ஊரில் கபடி ஆடியவர்களுக்கு இது இரட்டை விருந்து. அணிக்கு ஏழு பேர், 30 விநாடி ரெய்டு, போனஸ் கோடு என எல்லாம் நமக்குத் தெரிந்த விதிகளே. ரெய்டு 30 விநாடியில் முடிந்துவிடும் என்பது அனிமேக்கு வரப்பிரசாதம். பாடிக்கொண்டு போகிறவன் எந்த மூலையைப் பார்க்கிறான், கணுக்காலைப் பிடிக்கிறவன் எப்போது குனிகிறான், பிடித்தவனைப் பின்னாலிருந்து அணைக்கிறவன் எவ்வளவு தாமதம் என்று ஒவ்வொரு நொடிக்கும் ஒரு முடிவு இருக்கிறது. கேப்டன் ஓஜோவைக் கவனியுங்கள். எலும்பும் தோலுமான உடம்பு. பிடிக்கிறவனின் இழுப்பையே வாங்கித் திருப்பி நழுவுவதுதான் அவருடைய பலம். ஊர்த் திடலில் எடை கம்மியான நல்ல ரெய்டர்கள் செய்வதும் இதுதான். ஜப்பானில் கபடி சின்ன விளையாட்டு என்றாலும் 2010 குவாங்ஜோ ஆசியப் போட்டியில் அவர்களுடைய ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியிருக்கிறது.

ஓவியம் சுமார், வேகமான இடங்களில் தடுமாறும். கதைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

சிஹாயாஃபுரு சீட்டு விளையாட்டுதானே? அதை எப்படி ஸ்போர்ட்ஸ் என்பது?

ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு இதைக் கேளுங்கள். இதில் வரும் 'போட்டிக் கருதா' என்ற சீட்டாட்டத்தில் பழைய கவிதைகள் 100. அவற்றுக்குரிய சீட்டுகளில் 50 மட்டும் தரையில், ஆளுக்கு 25. இடத்தை மனப்பாடம் செய்ய 15 நிமிடம். வாசிப்பவர் கவிதையின் முதல் பாதியைப் படிப்பார், பின்பாதி எழுதிய சீட்டை முதலில் தொட வேண்டும். களத்தில் இல்லாத 50 கவிதைகளும் வாசிப்பில் வரும், அவசரப்பட்டுத் தவறான பக்கத்துச் சீட்டைத் தொட்டால் தண்டனை. எதிராளி பக்கத்துச் சீட்டை எடுத்தால் நம் சீட்டு ஒன்றை அவருக்குத் தள்ளலாம், தன் பக்கம் முதலில் காலியானவர் வெற்றி.

சூட்சுமம் எழுத்தில் இருக்கிறது. ஏழு கவிதைகளை முதல் எழுத்து ஒலித்ததுமே கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் அந்த எழுத்தில் வேறு கவிதை தொடங்குவதில்லை. மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று, அதிகபட்சம் ஆறு எழுத்து வரை காத்திருக்க வேண்டும். அதோடு நிற்பதில்லை. ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு கவிதைகளில் ஒன்று ஏற்கெனவே வாசிக்கப்பட்டுவிட்டால் மற்றதற்குக் காத்திருக்க வேண்டிய எழுத்து குறைந்துவிடும். ஆக ஆட்டம் போகப் போக மனக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். கை பாயும் வேகத்தில் சீட்டு பறக்கும், விரல் காயம் சாதாரணம். நன்றாகச் சொல்லப்பட்ட ஸ்போர்ட்ஸ் கதை எது என்று கேட்டால் எங்கள் ஓட்டு இதற்குத்தான், ஹைக்யூவுக்கு அல்ல. பெண் மையப் பாத்திரமாக வரும் தொடர் தேடுபவர்களுக்கும் இதே பதில்.

எதிலிருந்து தொடங்குவது?

பொழுதுபோக வேண்டும், நண்பர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்றால் ஹைக்யூ. பள்ளிக்கூடச் சத்தம் வேண்டாம், கொஞ்சம் வயதுக்கு வந்தவர்கள் கதை வேண்டும் என்றால் காசே கா சுயோக்கு ஃபுய்தேய்ரு, 23 எபிசோட். ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பத்துக் கல்லூரி மாணவர்கள், சிலர் ஓடியே பழக்கமில்லாதவர்கள், ஹகோனே தொடர் ஓட்டத்துக்குத் தயாராகிறார்கள். அது 1920-இல் தொடங்கிய நிஜப் போட்டி. ஜனவரி 2, 3 ஆகிய இரு நாளில் தோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்ப 217.1 கிலோமீட்டர், பத்துப் பேர். பேட்டனுக்குப் பதில் தோளில் மாட்டும் துணிப்பட்டையைக் கைமாற்றுவார்கள். ஐந்தாவது ஆள் மலையேற வேண்டும். ஓட்டத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தொடர் வேறில்லை.

ஒரே வார இறுதியில் முடிய வேண்டுமா, பிங் பாங். சண்டை வேண்டுமா, ஹாஜிமே நோ இப்போ. முதல் தொடர் 75 எபிசோட், 2000-இல் வந்தது, ஓவியம் பழையது என்று தள்ளிவிட வேண்டாம். சைக்கிள் பிடிக்குமென்றால் யோவாமுஷி பெடல்: பொம்மை வாங்கக் வீட்டு உபயோக சைக்கிளில் போகவர 90 கிலோமீட்டர் மிதித்துப் பழகிய பையன் ரேஸுக்கு வருகிறான். சிறுவர்களுக்குச் சுபாசா, ஹைக்யூ இரண்டும் தாராளமாகப் போட்டுக்காட்டலாம். அஷிதா நோ ஜோ வேண்டாம்.

ஹைக்யூ, ஸ்லாம் டங்க் எந்த வரிசையில் பார்ப்பது?

ஹைக்யூ: முதல் சீசன் 25, இரண்டாவது 25, மூன்றாவது 10, நான்காவது 25, ஆக 85 எபிசோட். அதன்பின் 2024-இல் வந்த 85 நிமிடப் படம், கராசுனோவும் நெகோமாவும் மோதும் ஆட்டம். இடையில் வெளியான நான்கு தொகுப்புப் படங்கள் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியவை, விட்டுவிடலாம். நேராகப் படத்துக்குப் போனால் கடைசி பாயின்ட் விழும் விதம் புரியும், ஆனால் உறைக்காது. அந்தக் காட்சி முழுக்க நெகோமா செட்டர் கென்மாவின் கண்வழியே போகிறது, அவர் எவ்வளவு சோம்பேறி என்று சீசன் சீசனாகப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். மூன்றாம் சீசன் முடிந்து நான்காவதில் ஓவிய பாணி மாறும், இரண்டு எபிசோடில் பழகிவிடும்.

ஸ்லாம் டங்க் (பாஸ்கெட்பால்): 1993 முதல் 1996 வரை வந்த 101 எபிசோட் தொடர் தேசியப் போட்டிக்கு முன்பே நின்றுவிடுகிறது. மங்காவின் கடைசிப் பெரிய ஆட்டத்தை, அதாவது ஷொஹொகுவும் சன்னோவும் மோதுவதை, அதை வரைந்த இனோவே தகேஹிகோ தானே இயக்கி 2022 டிசம்பரில் படமாகக் கொண்டுவந்தார். ஜப்பானில் மட்டும் 1,500 கோடி யென்னைத் தாண்டி வசூலித்தது. இதைத் தொடர் பார்க்காமலே பார்க்கலாம், ஏனென்றால் கதையை மியாகி ரியோதாவின் பக்கமிருந்து புதிதாகச் சொல்கிறார்கள். இரண்டையும் பார்ப்பதானால் தொடர், பிறகு மங்காவின் மீதி, கடைசியில் படம். 31 தொகுதியும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

தமிழ் டப்பிங்கா, ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டிலா?

அனிமே ஸ்ட்ரீமிங் தளமான க்ரஞ்சிரோல் சில தொடர்களைத் தமிழ் டப்பிங்கோடு தருகிறது. உரிமம் அடிக்கடி கைமாறுவதால் தொடரின் பெயரைத் தேடி, ஒலி மொழிப் பட்டியலைத் திறந்து பார்ப்பதே சரியான வழி. தமிழ் இருந்தால் முதல் தடவை அதிலேயே பாருங்கள். மேட்ச் ஓடும்போது கண் கீழே வரியைப் படித்துக்கொண்டிருந்தால் கால் அசைவைத் தவறவிடுவோம். சிஹாயாஃபுரு மட்டும் விலக்கு. கவிதை வாசிப்பின் முதல் ஒலியில்தான் ஆட்டமே இருக்கிறது, அதை ஜப்பானிய ஒலியில்தான் கேட்க வேண்டும்.

பார்த்துவிட்டு மகன் வாலிபால் ஆடக் கிளம்பிவிட்டான். எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல விஷயம். ஆனால் முதல் நாளே ஹினாதா மாதிரி குதிக்கத்தான் ஆசைப்படுவான். சிமென்ட் தரையில் நாள்தோறும் நூறு தடவை குதித்தால் முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் வலி எடுக்கும். வளரும் வயதில் அது மாதக்கணக்கில் போகாது. மண் தரை அல்லது மரத்தரை, இரண்டு காலிலும் சேர்ந்து முழங்காலை மடக்கி இறங்குவது, வாரத்தில் இரண்டு நாள் குதிக்காமல் இருப்பது, இந்த மூன்றையும் முதலிலேயே பழக்க வேண்டும். வலி தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்மாஷைத் தள்ளிவைத்துவிட்டு பந்து வாங்குவதில் ஆரம்பிக்கட்டும். முழங்கையை மடக்காமல் இரு முன்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பந்து படும்படி, கையை வீசாமல் காலால் எழும்பித் தள்ள வேண்டும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு கையை மேலே சுழற்றுவது, பந்து தலைக்குப் பின்னால் போய் விழும். அதை ஒழுங்காகச் செய்ய வந்தபின் செட்டிங், அப்புறம் ஸ்மாஷ். வலையின் உயரமும் முக்கியம். பெரிய ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். சிறுவனை 2.43-இல் அடிக்கவிட்டால் எட்டுவதற்காக முதுகை வளைத்துத் தோளைக் கெடுத்துக்கொள்வான், அவன் எட்டும் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் வித்தையைக் கேட்டால், முதலில் ஒரு காகெயாமாவைக் கூட்டி வரச் சொல்லுங்கள்.

ஹாஜிமே நோ இப்போ பார்த்து எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பது மட்டும் விளையாட்டல்ல. தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்றவைப்பது நிஜக் குத்துச்சண்டையில் உயிரையே வாங்கியிருக்கிறது. அதை வீட்டில் யாராவது செய்தால் கேலி பேசாமல் உடனே தடுக்க வேண்டும்.